சிறுநீரக மாற்று செய்துகொண்டவருக்குக் கல்லீரலில் உள்கதிர்ச் சிகிச்சை: மாற்றுச் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும்?

உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் உள்ள வேறு குடும்பங்களும் இதைப் படிக்கக்கூடும். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றில் மேற்பார்வையாளராக இருந்த உங்கள் தந்தையாருக்கு இப்போது வயது 61. உங்கள் தாயார் தந்த சிறுநீரகத்துடன் பதினோரு ஆண்டுகளாக நலமாக இருக்கிறார், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 1.4. முன்பு டயாலிசிஸ் செய்துவந்த காலத்தில் தொற்றிய ஹெபடைடிஸ் சி கிருமி தாமதமாகத்தான் தெரியவந்து, மாத்திரைகளால் நீங்கியிருக்கிறது. இப்போது கல்லீரலின் வலப்பகுதியில் ஐந்தரை சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி. இரத்தக்குழாய் வழியாகக் கதிரியக்க நுண்மணிகளைக் கட்டிக்குள் செலுத்தும் உள்கதிர்ச் சிகிச்சையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அந்தக் கதிர் அம்மா கொடுத்த சிறுநீரகத்தைச் சுட்டுவிடாதா, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை நிறுத்திவிட்டு இம்யூனோதெரபி ஊசிக்குப் போவது மேல் அல்லவா, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அவர் எப்படித் திரும்புவது என்பவை உங்கள் கேள்விகள்.

சேலத்தில் நெடுங்காலமாகச் சிறுநீரக நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிரால் அந்தச் சிறுநீரகத்துக்கு வரக்கூடிய ஆபத்து மிகச் சிறியது. ஆஞ்சியோவின்போது செலுத்தும் சாய மருந்து, உடலில் நீர் வற்றுவது, வலி மாத்திரை, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவு இரத்தத்தில் தடம் மாறுவது ஆகியவைதான் உண்மையில் அதைக் கெடுக்கக்கூடியவை. இவை அனைத்தும் முன்கூட்டித் திட்டமிட்டால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை. சிறுநீரக மருத்துவரைக் கலக்காமல் கல்லீரல் சிகிச்சையை மட்டும் நடத்தி முடித்தால், கட்டி அடங்கிய பிறகு டயாலிசிஸுக்குத் திரும்ப வேண்டிய நிலை வரலாம்.

கதிர் ஏன் சிறுநீரகத்தை எட்டுவதில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. நல்ல கல்லீரல் திசுவுக்கு வேண்டியதில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரலில் தோன்றும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி இரத்தத்தையே நம்பி வளர்கிறது. ஆகவே மெல்லிய குழாயைத் தமனிக்குள் கொண்டுபோய், கட்டிக்குச் செல்லும் கிளையில் நிறுத்தி நுண்மணிகளை விட்டால், அவற்றில் பெரும்பகுதி கட்டியின் நுண்குழாய்களிலேயே போய்த் தங்கிவிடும். கண்ணாடி மணிகள் 20 முதல் 30 மைக்ரான் அளவும், ரெசின் மணிகள் 20 முதல் 60 மைக்ரான் அளவும் உள்ளவை. அவற்றில் இருக்கும் இட்ரியம்-90 என்ற கதிரியக்கத் தனிமம் வெளிவிடும் பீட்டாக் கதிர், திசுவுக்குள் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டரும், மிஞ்சிப்போனால் 11 மில்லிமீட்டரும்தான் பாயும். அதன் அரை ஆயுள் 64 மணி நேரம். பதினொரு நாட்களுக்குள் கதிரின் பெரும்பகுதி, அதாவது 94 விழுக்காடு, தீர்ந்துவிடும்.

மாற்றுச் சிறுநீரகம் இருக்கும் இடம் எது? சொந்தச் சிறுநீரகங்களைப் போல அது முதுகுப்புறம் கல்லீரலுக்கு அடியில் இல்லை. பெரும்பாலும் வலப்பக்க அடிவயிற்றில், இடுப்பெலும்பின் குழிவில் வைக்கப்படுகிறது. சில மில்லிமீட்டர் மட்டுமே பாயும் கதிருக்கும் அதற்கும் இடையே ஒரு சாணுக்குக் குறையாத தொலைவு உண்டு. ரெசின் மணிகளின் மேற்பரப்பிலிருந்து மிகச் சிறிதளவு இட்ரியம் பிரிந்து முதல் நாள் சிறுநீரில் வெளியேறும். கண்ணாடி மணிகளில் இட்ரியம் கண்ணாடிக்குள்ளேயே கலந்திருப்பதால் அதுவும் பொருட்படுத்தத் தக்கதன்று. உங்கள் தாயார் கொடுத்த உறுப்பு இந்தக் கதிரால் சுடப்படாது என்று அவரிடம் நீங்கள் துணிந்து சொல்லலாம். அவர் மனத்தில்தான் இந்த அச்சம் மிகுதியாக இருக்கும். தானம் கொடுத்தவர்களிடம் யாரும் இதை உட்கார்ந்து விளக்குவதில்லை.

இனிச் சாய மருந்து. இந்தச் சிகிச்சையில் ஆஞ்சியோ ஒரு முறையோடு முடிவதில்லை. முதல் முறை ஒத்திகை: கல்லீரல் தமனியின் கிளைகளைப் படமெடுத்து, வயிற்றுக்கோ சிறுகுடலுக்கோ போகும் கிளைகள் தென்பட்டால் தேவைக்கேற்ப அடைத்து, டெக்னீசியம் ஏற்றிய ஆல்புமின் துகள்களைச் செலுத்தி, எத்தனை பங்கு கல்லீரலைத் தாண்டி நுரையீரலுக்குக் கசிகிறது என்று ஸ்கேனில் கணக்கிடுவார்கள். ஒரு சிகிச்சையில் நுரையீரலுக்குப் போகும் கதிர் 30 கிரேக்குள் (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. சாதாரணமாக ஒன்றிரண்டு வாரம் கழித்து இரண்டாம் முறை உண்மையான மணிகளைச் செலுத்துவார்கள். இவற்றுக்கு முன்னும் பின்னும் சி.டி. ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் அயோடின் கலந்த சாய மருந்து ஏறுகிறது. ஒற்றைச் சிறுநீரகம், அதுவும் இரத்தக்குழாயைச் சுருக்கும் டாக்ரோலிமஸின் பிடியில் இருக்கும் சிறுநீரகம், இதை அடுத்தடுத்துத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே நாள் விடவேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு மில்லிலிட்டர் ஏறியது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் சலைன் ஏற்ற வேண்டும். கிரியேட்டினினை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மீண்டும் பார்க்க வேண்டும், ஏனெனில் சாயத்தால் வரும் பாதிப்பு மறுநாளே தெரியாமல் போகலாம். மறுநாள் காலை அளவு சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு யாரும் பார்க்காமல் விடுவதுதான் நான் மிகவும் அஞ்சுவது.

குழாயை எந்த வழியாக உள்ளே விடுவார்கள் என்பதையும் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். வழக்கமாக வலது தொடை இடுக்கின் தமனியில்தான் ஊசி போடுவார்கள். உங்கள் தந்தையாருக்கு வலப்பக்கத்தில் மாற்றுச் சிறுநீரகம் இருந்தால், அதற்கு இரத்தம் கொடுக்கும் தமனி பெரும்பாலும் அதே பக்கத்து இடுப்புத் தமனியோடுதான் தைக்கப்பட்டிருக்கும். வலது தொடை வழியாகப் போகும் குழாய் அந்தத் தையலைக் கடந்துதான் மேலேறும். ஆகவே இடது தொடை வழியே செல்வது நல்லது. மணிக்கட்டுத் தமனி வழியாகவும் இப்போது செய்கிறார்கள். நோயாளிக்கு அது வசதியானதும்கூட. ஆனால் டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துப் பிஸ்டுலா போட்ட கையைத் தொடவே கூடாது. மறு கையின் மணிக்கட்டுத் தமனியும் பிற்காலத்தில் இன்னொரு பிஸ்டுலாவுக்குத் தேவைப்படலாம் என்பதால் அதைக் காப்பாற்றி வைப்பதையே நான் விரும்புவேன். இது ஆஞ்சியோ அறைக்குள் போவதற்கு முன் இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்கவேண்டிய செய்தி. மாற்று அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துச் சென்றால், எந்தத் தமனியோடு தைத்தார்கள் என்பது அதிலேயே இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு கேள்வி உண்டு: இந்தக் கட்டி கல்லீரலில் பிறந்த புற்றுதான் என்பது உறுதியா? சிர்ரோசிஸ் என்ற கல்லீரல் தழும்பேற்றமோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோ உள்ள ஒருவரிடம், ஸ்கேனில் சாய மருந்து தமனிகளில் நிறையும் கட்டத்தில் கட்டி பளிச்சென்று ஒளிர்ந்து பின்னர் மங்குவதை வைத்தே திசு எடுக்காமல் முடிவுசெய்யலாம். ஆனால் பல ஆண்டுகள் எதிர்ப்பாற்றல் மட்டுப்பட்ட நிலையில் வாழ்ந்தவரின் கல்லீரலில் மாற்று அறுவைக்குப் பிந்திய லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்று கட்டியாகத் தோன்றலாம். செயலிழந்து கிடக்கும் சொந்தச் சிறுநீரகத்தில் உண்டான புற்று பரவியும் வரலாம். லிம்ஃபோமாவாக இருந்தால் சிகிச்சையே வேறு. அதில் முதற்படியே மாத்திரைகளைக் குறைப்பதுதான். ஆகவே உங்கள் தந்தையாருக்குத் திசுப் பரிசோதனை நடந்ததா, இல்லையென்றால் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று பணிவாகக் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி பரிசோதனையையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். சி கிருமி நீங்கிய பிறகும் பி கிருமி மறைந்திருந்து தலையெடுக்கலாம், அதற்கு என்டெக்காவிர் போன்ற மாத்திரை இருக்கிறது.

இம்யூனோதெரபி பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. 2020 முதல் முற்றிய கல்லீரல் புற்றுக்கு அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் ஆகிய இரண்டு மருந்துகளின் கூட்டு முதல்நிலைச் சிகிச்சையாக இருந்துவருகிறது. செய்தித்தாள்களில் நீங்கள் படித்தது அதைப் பற்றித்தான் இருக்கும். அதில் இம்யூனோதெரபி மருந்தான அட்டிசோலிசுமாப் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்: உடலின் தற்காப்புச் செல்களுக்குப் போட்டிருக்கும் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்த செல்கள் புற்றை மட்டும் தேடிப் போவதில்லை. பதினோரு ஆண்டுகளாக நாம் மாத்திரை கொடுத்து மறைத்து வைத்திருக்கும் அயல் சிறுநீரகத்தையும் கண்டுகொள்கின்றன. இந்த வகை மருந்துகளைப் பெற்ற சிறுநீரக மாற்று நோயாளிகளைப் பற்றி வெளியான தொகுப்புகளில் ஏறக்குறைய பத்துப் பேரில் நால்வருக்கு உறுப்பு நிராகரிப்பு ஏற்பட்டிருக்கிறது. அவர்களில் பலர் டயாலிசிஸுக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி-க்கு முன்பு தந்துவந்த இன்டர்ஃபெரான் ஊசியை மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களுக்குத் தவிர்த்துவந்ததற்கும் இதே நிராகரிப்பு அச்சம்தான் காரணம். கட்டி உடலெங்கும் பரவி வேறு வழியே இல்லாதபோது, டயாலிசிஸுக்கும் ஆயத்தமாகி, குடும்பம் முழுவதும் அறிந்து எடுக்கவேண்டிய முடிவு அது. ஒரே கட்டி, அதுவும் கல்லீரலுக்குள்ளேயே இருக்கும் நிலையில், அதற்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஊசி வழியே சுட்டு அழிப்பதே போதும். ஐந்தரைக்கு அது எட்டாது. அறுத்து எடுக்க முடிகிறதா என்பதை அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கல்லீரலில் எஞ்சும் பகுதியும் போர்ட்டல் சிரையின் அழுத்தமும் இடம் கொடுத்தால் அது நல்ல வழிதான். கீமோ மருந்தோடு தமனியை அடைக்கும் சிகிச்சையைப் பலமுறை திரும்பச் செய்ய நேரும், ஒவ்வொரு முறையும் சாய மருந்து ஏறும் என்பது நம்மைப் பொறுத்தவரை அதன் குறை. வெளியிலிருந்து துல்லியமாகச் செலுத்தும் கதிர்ச் சிகிச்சை சிலருக்கு நல்ல மாற்று; அடிவயிற்றில் இருக்கும் சிறுநீரகம் அதன் பாதையில் வராது என்பதால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். சோராஃபெனிப், லென்வாட்டினிப் மாத்திரைகள் நிராகரிப்பைத் தூண்டுவதில்லை. ஆனால் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் ஏற்றக்கூடியவை.

உள்கதிர்ச் சிகிச்சையின் பலன் எவ்வளவு? 2021-இல் வெளியான லெகசி ஆய்வில், எட்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத ஒற்றைக் கட்டி உள்ள 162 பேருக்குக் கண்ணாடி மணிகள் செலுத்தப்பட்டன. அவர்களில் 88 விழுக்காட்டினருக்குக் கட்டி சிகிச்சைக்குக் கட்டுப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் 86 விழுக்காட்டுக்கு மேல். கட்டிக்குச் சேரும் அளவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கணக்கிட்டு 205 கிரேக்குக் குறையாமல் கொடுத்தபோது பலன் கூடுகிறது என்று அதே ஆண்டில் வெளியான டோசிஸ்ஃபியர் ஆய்வு காட்டியது. இவை பொதுவான கல்லீரல் புற்று நோயாளிகளிடம் நடந்தவை. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களைப் பற்றி இருப்பவை தனித்தனி நோயாளிகளின் விவரங்களும் சிறு தொகுப்புகளுமே. எனவே அந்த எண்களை அப்படியே உங்கள் தந்தையாருக்குப் பொருத்திவிடாமல், அவர் கல்லீரலின் நிலையை வைத்துத்தான் எதிர்பார்க்க வேண்டும். இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி 2-க்கு மேல் இருந்தாலோ, வயிற்றில் நீர் கட்டியிருந்தாலோ, நல்ல திசுவில் விழும் கதிரே கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம். மஞ்சள் காமாலையும் வயிற்றுநீரும் ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தலைகாட்டும். உங்கள் கடிதத்தில் பிலிருபினும் ஆல்புமினும் இல்லை. கிரியேட்டினினை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரகக் குடும்பங்கள் பலவற்றுக்கும் உள்ள பழக்கம் இது. ஆனால் இந்த முடிவு நிற்பது பிலிருபின் மேல்தான்.

மாத்திரைகளை நிறுத்துவது பற்றி. நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தின் மொத்தச் சுமையை இறக்குவதும், சிலருக்கு டாக்ரோலிமஸைக் குறைத்து சிரோலிமஸ் அல்லது எவரோலிமஸுக்கு மாற்றுவதும் புற்று வந்த பிறகு நாங்கள் யோசிப்பவைதான். ஆனால் அது சிறுநீரில் புரதம் இல்லை என்று உறுதிசெய்து, வாரக்கணக்கில் அளவு பார்த்துச் செய்யும் வேலை. ஆஞ்சியோ நாளில் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வார்கள்; அன்று காலை டாக்ரோலிமஸும் பிரட்னிசோலோனும் ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாமா என்று முந்தைய நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் மட்டும், இரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரை. டாக்ரோலிமஸைச் சிதைப்பது கல்லீரல் என்பதால், சிகிச்சைக்குப் பின் கல்லீரல் சற்றுத் தளர்ந்தாலும் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஏறினால் கை நடுக்கம் வரும், கிரியேட்டினினும் கூடும். அதைப் பார்த்துவிட்டு, கதிர் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டுவது தவறு. முதல் மாதம் வாரம் ஒருமுறை அளவு பார்ப்பது என் வழக்கம்.

கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், டில்டியாசெம் ஆகியவை டாக்ரோலிமஸை ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியோ மாத்திரையோ எக்காரணத்தாலும் வேண்டாம். பாரசிட்டமால் போதும், அதுவும் மருத்துவர் சொல்லும் அளவுக்குள். மலையில் எளிதாகக் கிடைக்கும் பம்பளிமாஸ் பழமும் டாக்ரோலிமஸ் அளவைக் கூட்டக்கூடியது, தவிர்த்துவிடுங்கள்; கமலா ஆரஞ்சில் பொதுவாக அந்தச் சிக்கல் இல்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். இந்த மாத்திரைகளோடு அது எப்படிச் சேரும் என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட செய்தி அன்று. ஆகவே இந்தச் சில மாதங்களில் வேண்டாம் என்பேன். பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் சேரும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கல்லீரல் புற்றுக்கே ஒரு காரணம். கசந்த கடலையைத் துப்பிவிட வேண்டும். காப்பியை நிறுத்தவேண்டியதில்லை. காப்பி குடிப்பவர்களிடம் கல்லீரல் புற்று குறைவாகவே காணப்படுகிறது. தோட்டத்திலேயே வாழ்ந்தவரிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனமில்லை.

செலவும் நாளும். மணிகளின் விலை பல லட்சம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் பாபாஸ்ஃபியர் என்ற பெயரில் உள்நாட்டிலேயே இட்ரியம்-90 கண்ணாடி மணிகளை உருவாக்கியிருக்கிறது. உங்கள் மருத்துவமனை எதைத் தருவிக்கிறது என்று கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலோ உங்கள் தனியார் காப்பீட்டிலோ இதற்கு இடமுண்டா என்பதை மதிப்பீட்டுக் கடிதத்தோடு முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். மணிகள் குறிப்பிட்ட நாளுக்கென்று அளவிட்டு வருகின்றன. 64 மணி நேரத்தில் கதிர் பாதியாகிவிடும் என்பதால் அந்தத் தேதியை நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போட முடியாது.

சிகிச்சை முடிந்ததும் நேரே மலையேற வேண்டாம். களைப்பு, குமட்டல், இலேசான காய்ச்சல் ஆகியவை ஒன்றிரண்டு வாரம் இருக்கலாம். குமட்டலோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினால் வாந்தி எடுக்காமல் வீடு போய்ச் சேரமாட்டார். வாந்தியால் நீர் வற்றுவது, சாய மருந்து வெளியேறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில் சிறுநீரகத்துக்கு நேரடியான அடி. சேலம் அஸ்தம்பட்டியில் உங்கள் அக்காள் வீடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் அங்கேயே தங்கட்டும். இரத்தப் பரிசோதனைக்கும் அதுவே வசதி. கைக்குழந்தையிடமிருந்து ஒரு வாரம் விலகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே நிறைவேறிவிடும். அவர் உடலிலிருந்து வெளியே வரும் கதிர் மிகக் குறைவு. குழந்தையை மடியில் நெடுநேரம் வைத்திருப்பது, கர்ப்பிணிகள் அருகில் படுப்பது ஆகியவற்றை மட்டும் அந்த நாட்களில் தவிர்த்தால் போதும். ரெசின் மணிகள் என்றால் முதல் நாள் கழிப்பறையில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிக் கைகளை நன்றாகக் கழுவ வேண்டும். தனித் தட்டு, தனி அறை என்று ஒதுக்கிவைத்து அவரை வருத்த வேண்டாம்.

காய்ச்சலைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மற்ற நோயாளிகளிடம் இந்தச் சிகிச்சைக்குப் பின் வரும் இலேசான காய்ச்சலை இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவரிடம் அது கல்லீரலில் சீழ்க்கட்டியின் தொடக்கமாகவும் இருக்கலாம். 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ, விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். மணிகள் வயிற்றுப் பக்கத் தமனிக்குள் தவறிப் போயிருந்தால் உண்டாகும் புண், கறுத்த மலமாகத்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் கட்டி முன்பிருந்த அளவிலேயே இருப்பதைப் பார்த்து நீங்கள் மனம் தளரக்கூடும். இந்தச் சிகிச்சையில் கட்டி மெல்லத்தான் சுருங்கும். அதற்குள் இரத்தம் பாய்ந்து ஒளிர்வது நின்றிருக்கிறதா என்பதே பார்க்கவேண்டியது. கல்லீரல் புற்றில் இரத்தத்தில் கூடக்கூடிய ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் தொடக்கத்தில் ஏறியிருந்தால் அது இறங்குவதும் நல்ல அறிகுறி. அந்த ஸ்கேனுக்கும் சாய மருந்து உண்டு. அன்றைக்கும் முன்னும் பின்னும் நீர் ஏற்றுவது, இரண்டு மூன்று நாளில் கிரியேட்டினின் பார்ப்பது என்ற அதே ஏற்பாட்டை மறக்காமல் செய்யச் சொல்லுங்கள்.